எரிந்த பிறகு தரையில் கிடப்பது

சுட்டு முடித்ததும் எல்லோரும் இலக்கைப் பார்ப்பார்கள். அவர் தரையைப் பார்ப்பார்.

தரை துடைக்க வந்தவர் தரையைத்தானே பார்ப்பார் என்று முதலில் நினைத்தேன். நான் படித்தவன், இப்படிப்பட்ட முடிவுகளுக்குச் சீக்கிரம் வந்துவிடுவேன்.

ஜெர்மனியில் பான் நகரத்திலிருந்து டிராமில் அரை மணி நேரம் போனால் வரும் சிற்றூர் எங்களுடையது. ரொட்டிக்கடையை மூடிவிட்டார்கள், தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள், துப்பாக்கிக் கழகத்தை மட்டும் மூடவில்லை. நிலவறையில் இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்குச் சுடுகூடம். மேலே பியர் குடிக்க ஓர் அறை. அந்த அறையின் சுவரெங்கும், வருடத்துக்கு ஒருமுறை மரப்பறவையைச் சுட்டு வீழ்த்தி ‘ராஜா’ பட்டம் வாங்கியவர்களின் படங்கள், மார்பில் வெள்ளித் தகடுகளோடு. கூட வேலை பார்த்த ஒருவர் என்னை அங்கே அழைத்துப்போனார். கைத்துப்பாக்கி எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரே காரணம், அது முழுக்க விதிமுறைகளால் ஆன விளையாட்டு என்பதுதான். நான் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் செயல்முறைக் கையேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு வால்வைத் திறப்பதற்குப் பதினான்கு படிகள் எழுதியிருக்கிறேன். பதினான்கும் தேவைதான். இப்படிப்பட்ட ஆளை ஜெர்மானியர்கள் எங்கே கண்டாலும் செயலாளராக்கிவிடுவார்கள். என்னையும் ஆக்கினார்கள்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். பகலில் பான் மருத்துவமனை ஒன்றில், அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கித் தட்டுகளில் அடுக்கும் பிரிவில் வேலை. செவ்வாயும் வெள்ளியும் மாலையில் எங்கள் சுடுகூடத்தைத் துப்புரவு செய்ய வருவார். கழுத்தில் எப்போதும் பேனா அளவில் ஒரு சின்ன விளக்கு தொங்கும். கத்தரிக்கோலின் இடுக்கிலும் குழாய்களின் உள்ளேயும் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மருத்துவமனையில் கொடுத்தது. அதை வைத்து எங்கள் பியர் கோப்பைகளையும் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். தமக்கு மட்டும் வீட்டிலிருந்து குவளை கொண்டுவருவார்.

முதல் நாள் நான் அவரை ‘மேடம்’ என்று கூப்பிட்டேன்.

“மேடம் எண்டு கூப்பிட நான் என்ன அரசாங்கக் கந்தோரிலயே வேலை செய்யிறன்? அக்கா எண்டு சொல்லுங்கோ.”

“நான் உங்களைவிடப் பத்து வயசு மூத்தவனுங்க.”

“அப்ப நான் உங்களை அண்ணை எண்டுறன், நீங்கள் என்னை அக்கா எண்டுங்கோ. ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

அப்படியே நடந்தது. அந்தக் கழகத்தில் தமிழ் பேச எங்கள் இருவரைத் தவிர வேறு ஆளில்லை. அவருடைய தமிழில் பாதி எனக்குப் புதிது. என் தமிழில் பாதி இங்கிலீஷ் என்று அவர் சொல்வார்.

எதையும், முடிந்த பிறகு என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அவர் எடைபோடுவார். கல்யாண வீட்டில் சாப்பாட்டை அவர் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பந்தி எழுந்த பிறகு தட்டுகளைப் பார்ப்பார். “கத்தரிக்காய் ஒருத்தரும் மிச்சம் விடேல்லை. நல்ல சமையல்காரன்.” கொலோனில் ஒரு தமிழ்ச் சங்க விழா. ஒருவர் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு இறங்கினார். இவர் என் பக்கம் திரும்பி, “என்ன அண்ணை மிஞ்சினது?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மைக்கில் எச்சில்தான்.

கோயிலிலும் இதே கதை. தொழிற்பேட்டையில் டயர்க் கிடங்குக்குப் பக்கத்தில், பழைய பண்டகசாலை ஒன்றைக் கோயிலாக்கி வைத்திருந்தார்கள். தீபாராதனை முடிந்து எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொள்ள, இவர் ஐயர் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். நடுவில் கறுப்பாகப் பிசுக்கு.

“ஐயா, கற்பூரத்தை மாத்துங்கோ.”

“ஏனம்மா, நல்லாத்தானே எரிஞ்சது?”

“எரியிறது பெரிய காரியமே? கடதாசியும்தான் எரியும். நல்ல கற்பூரமெண்டால் தட்டில ஒண்டும் கிடக்கக்கூடாது.”

அடுத்த மாதம் கற்பூரம் மாறியது. ஐயர் என்னிடம் தனியாக, “அந்த அக்கா வந்திருக்கிறாவோ?” என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்.

இனி மருந்து விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கழகத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் தோட்டாக்களைத் தாங்களே நிரப்புகிறவர்கள். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோது வீணாவதில்லை. அதில் புதிதாக வெடிமருந்து போட்டு, புதிய குண்டு பொருத்தி மறுபடியும் சுடலாம். சட்டம் அனுமதிக்கிறது, அதற்கென்று உரிமம் இருந்தால். என்னிடம் இருந்தது. எந்த மருந்து நல்லது என்று ஜெர்மன் கிழவர்கள் வாதாடுவதைக் கேட்டால், கும்பகோணத்துக் காப்பிப்பொடி வாதங்கள் எவ்வளவு நாகரிகமானவை என்று தோன்றும்.

கழகத் தலைவர் கூரை வேய்ந்து ஓய்வு பெற்றவர். கை ஒவ்வொன்றும் முறம் அளவு. அவர் வைத்திருந்தது மெதுவாக எரிகிற மருந்து. சுடும்போது குழாய் முனையில் ஆரஞ்சுப்பழம் அளவுக்குத் தீ தெரியும். அந்தத் தீயைத்தான் அவர் தரம் என்று நினைத்தார். தலைவர் எதை வாங்கினாரோ அதையே மற்றவர்களில் பெரும்பாலோரும் வாங்கினார்கள். கைத்துப்பாக்கியின் குழாயோ குட்டை. மருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியேறிவிடும். எரியாத மிச்சம் மஞ்சள் துணுக்குகளாகத் தரையில் விழும். வருடக்கணக்கில் விழுந்து, தரையின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது தெரிந்தவர்கள் எங்களில் இருந்தார்கள். நானும் அதில் ஒருவன். தெரிந்திருப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் தலைவர் அவருக்குப் பரிசு கொடுத்தார். சிவப்பு நாடா கட்டிய தூசி உறிஞ்சும் மிஷின். நல்ல மனதோடு கொடுத்ததுதான். வாராவாரம் குனிந்து ஈரத்துணியால் துடைக்கிறாரே என்று. அவர் நாடாவை அவிழ்க்கவில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை ஓரமாக நின்று படித்தார். பிறகு ஒரு சிட்டிகை குப்பையைத் தரை இடுக்கிலிருந்து வழித்து, பூந்தொட்டியின் மண்சட்டி ஒன்றில் போட்டு, எங்கள் எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொன்னார். நெருப்புக்குச்சியைக் கிழித்து, கையை நீட்டிப் போட்டார்.

புஸ்ஸென்று முழங்கால் உயரத்துக்கு எழுந்தது தீ. ஒரு நொடிதான்.

தலைவர் சிரித்தார். “மருந்தென்றால் எரியத்தானே செய்யும்?”

அவர் என்னிடம் தமிழில் சொன்னார். “அண்ணை, இந்த ஆளுக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ. எரியவேண்டியது துவக்குக்குள்ள. என்ர தும்புத்தடிக்குக் கீழ இல்லை. இந்த மிஷினுக்குள்ள மோட்டர் ஓடுது, மோட்டருக்குள்ள பொறி பறக்குது. முதல்ல அவரே பிடிச்சு ஓட்டிக் காட்டட்டும்.”

துவக்கு என்றால் துப்பாக்கி, தும்புத்தடி என்றால் நீளப் பிடி போட்ட துடைப்பம். மொழிபெயர்த்தேன். தலைவரின் முகம் சிவந்தது. பரிசைத் திருப்பிக் கொடுத்தால் இந்த ஊரில் அது பெரிய அவமரியாதை.

“தரை துடைக்கிறவர் எங்கள் மருந்தைப் பற்றிப் பேசுவதென்றால், முதலில் உரிமம் எடுத்துக்கொண்டு வரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல குணத்தால் அல்ல. விதிப்படி தலைவர் சொன்னது சரிதானே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிராம் நிறுத்தம் வரை கூட நடந்தேன். “எதுக்குங்க இந்த வம்பு? வேற இடம் பாத்துக்கலாமே. உங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை இருக்கு.”

“நான் விட்டிட்டுப் போகலாம். அடுத்து வாறவள் அந்த மிஷினை ஓட விடுவாள். அவளுக்கு ஆர் சொல்லுறது? நீங்கள் சொல்லுவீங்களே?”

நான் டிராம் வருகிறதா என்று பார்த்தேன்.

“அண்ணை, அந்த உரிமம் எடுக்க என்ன செய்யவேணும்? எழுதித் தாங்கோ.”

எழுதிக் கொடுத்தேன். கழகத்தின் தலைப்புத் தாளில், ஒன்பது படிகள். உறுப்பினராகச் சேர்வது, ஒரு வருடம் ஒழுங்காகச் சுடுவது, ஆயுதம் பற்றிய தேர்வு, தேவை உண்டென்று கூட்டமைப்பின் சான்று, பாதுகாப்புப் பெட்டகம், துப்பாக்கிக்கான அனுமதி அட்டை, இவர்மேல் ஆட்சேபம் இல்லை என்று அலுவலகம் தரும் கடிதம், மருந்து நிரப்பும் பயிற்சியும் அதன் தேர்வும், கடைசியாக உரிமம். ஒன்பதும் உண்மை. ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவைக்க உண்மையைப் போல வசதியான கருவி வேறில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நாலு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாளை என் முன்னால் விரித்தார். மடிப்புகளில் ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தது. முதல் படிக்கு எதிரே பச்சை மையில் ஒரு சரி அடையாளம். “ரெண்டாவது தொடங்கிட்டுது,” என்றார். அடிப்பகுதியை மட்டும் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டே காட்டினார். அங்கே ஏதாவது குறித்திருப்பார், பஸ் நேரமோ என்னவோ என்று நான் கேட்கவில்லை.

சுடுவதில் அவர் பெரிய வீரரில்லை. நடுத்தரம். ஆனால் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. செவ்வாய் மாலை மற்றவர்களோடு சுடுவார். எல்லோரும் பியருக்கு மேலே போனதும், செருப்பை மாற்றிக்கொண்டு வாளியை எடுப்பார். அதே தரை. சுடுகிறவர்கள் நிற்கும் கூண்டுகளில் எதிலிருந்து யார் சுட்டார், என்ன மருந்து போட்டார் என்பதெல்லாம் துணியைப் பிழியும்போதே அவருக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் தமிழ் ஆட்களின் வாயும் சும்மா இருக்கவில்லை. ஒரு பிறந்தநாள் விருந்தில், கொலோனில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி இழுத்தார்.

“துவக்குக்குப் பயந்துதான் நாங்கள் இஞ்ச ஓடி வந்தனாங்கள். நீங்கள் போய் வரிசையில நிண்டு துவக்குப் பிடிக்கிறியளாம்?”

இவர் வடையைச் சட்னியில் தோய்த்தபடி சொன்னார். “அங்க துவக்கு என்னைப் பாத்தது. இஞ்ச நான் துவக்கைப் பாக்கிறன். அதுவும் கடதாசியைத்தான் சுடுறன். கடதாசி ஒரு நாளும் அழேல்லை.”

திரும்பி டிராமில் வரும்போது அவரே சொன்னார், சன்னலைப் பார்த்துக்கொண்டு. “செல் குண்டு விழுந்த அடுத்த நாள் விடியவே எங்கட அம்மா முற்றம் கூட்டினவ. அதுக்குள்ள வெடிக்காத சாமான் கிடக்கும் எண்டு ஆர் அவவுக்குச் சொன்னது? அம்மாவுக்கு ஒண்டும் நடக்கேல்லை. பக்கத்து வீட்டில கூட்டினவவுக்கு நடந்தது.” அவ்வளவுதான். அடுத்து வருகிறவளைப் பற்றி அவர் ஏன் அப்படிக் கவலைப்பட்டார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எட்டாவது படிக்கு வர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. தேர்வு நடந்த கட்டடத்தின் தாழ்வாரத்தில் நான் காத்திருந்தேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பில்லை.

“என்னங்க ஆச்சு?”

“பாஸ்தான். ஒரு கேள்வி பிழை. எந்தக் கேள்வி எண்டு கேட்டால் சொல்லமாட்டினமாம். சொல்லும்வரைக்கும் நான் கதிரையை விட்டு எழும்பேல்லை. எழுதிக்கொண்டு வந்திருக்கிறன்.”

அடுத்த பொதுக்கூட்டத்தில் ‘மருந்து பற்றி’ என்று ஒரு பொருளைச் சேர்க்கும்படி உரிமத்தின் நகலோடு முறையாகக் கடிதம் கொடுத்தார். வழக்கமாக இப்படிப்பட்டவற்றைக் கடைசியில் ‘பிற’ என்ற தலைப்பின் கீழ் போடுவோம். அதற்குள் எல்லோரும் பியருக்குப் போய்விடுவார்கள். நான் அதை மூன்றாம் பொருளாகப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புரட்சி அது.

அவர் பேச்சு எதுவும் தயாரித்து வரவில்லை. ஐந்து வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கொண்டுவந்தார். மருத்துவமனை கழித்துப்போட்டவை, எடுத்துப்போக அனுமதித்த கையெழுத்துச் சீட்டோடு. சுடும் கூண்டு ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் ஒன்றை விரித்தார். ஐந்து பேர், ஐந்து விதமான மருந்து. அவரவர் வழக்கமாக நிரப்பும் தோட்டா, ஆளுக்கு ஒரே எண்ணிக்கை. தலைவருக்கு வெள்ளைத் துணிப் பக்கம் போகவே தயக்கம்.

“மாப்பிளைக்கு நிலபாவாடை விரிச்சிருக்கு, வெக்கப்படாமல் வரச் சொல்லுங்கோ.”

“தயவுசெய்து உங்கள் இடத்தில் நில்லுங்கள் என்கிறார்,” என்று மொழிபெயர்த்தேன்.

சுட்டு முடித்ததும் விளக்குகளையெல்லாம் போட்டார். தலைவரின் துணியில் எள்ளை வாரி இறைத்தது போல் கிடந்தது. அதற்கடுத்தவர்களுடையதிலும் ஏறக்குறைய அப்படியே. பின்வரிசையில் எப்போதும் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூட ஆசிரியரின் துணியில், எண்ணிவிடலாம் போல ஏழெட்டுத் துணுக்குகள். என் துணி வெறும் வெள்ளை. ஓரத்தில் மூச்சுப் பட்டது போல் ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான்.

வேகமாக எரிந்து தீரும் மருந்து என்னுடையது. அட்டவணைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தது. தலைவர் தம் துணியை வெகுநேரம் பார்த்தார். பெரிய கைகளால் ஒரு முனையைத் தூக்கினார்; துணுக்குகள் மெல்லிய சத்தத்தோடு நடுவில் உருண்டு சேர்ந்தன. முரடர்தான், ஆனால் கண்ணால் கண்டதை மறுக்கிறவரில்லை.

“சரி. இனி எல்லோருக்கும் செயலாளரின் மருந்து.”

கைகள் உயரத் தொடங்கின. என் வாழ்வில் எனக்காகக் கைகள் உயர்ந்த தருணங்கள் குறைவு. அவர் நடுவில் வந்து நின்று ஜெர்மன் மொழியில், “இன்னும் இல்லை. ஒரு வாரம் தாருங்கள்,” என்றார்.

“ஏங்க, என் துணிதானே ரொம்பச் சுத்தம்?” எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

“ஓம், உங்கடதான் துப்புரவு. அதுதான் பயமாக் கிடக்குது. ஞாயிற்றுக்கிழமை உங்கட நிலவறைக்கு வாறன். நீங்கள் எப்பிடி நிரப்புறீங்கள் எண்டு பாக்கவேணும்.”

வந்தார். என் மனைவி சுண்டல் கொடுத்துவிட்டு மேலே போனாள். ஐம்பது குழி உள்ள பலகை என் முன்னால். குழிக்கு ஒரு கோது. மருந்து அளக்கும் கருவியின் பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு கோதுக்கு வேண்டிய அளவு விழும். இழுத்து, அடுத்த கோது. இழுத்து, அடுத்த கோது. அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதி ஆன பிறகு கேட்டார்.

“அண்ணை, உரிமம் புதுப்பிக்க முந்தியே எழுதவேணுமோ, காலம் முடிஞ்ச பிறகோ?”

என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி இது. கேட்டால் நான் முழுப் பதிலும் சொல்வேன். எந்தப் படிவம், எந்த இணைப்பு, எந்தச் சான்று எத்தனை மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஐம்பதும் முடிந்ததும் பலகையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“சரி பாத்தீங்களோ, அண்ணை?”

“பாத்தேங்க. எல்லாத்துலயும் மருந்து இருக்கு.”

கழுத்து விளக்கை எடுத்தார். ஒவ்வொரு கோதுக்குள்ளும் அடித்து, வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்றாம் வரிசையில் ஓரிடத்தில் நின்றார். திரும்பவும் அதையே பார்த்தார். பிறகு விளக்கை என்னிடம் கொடுத்தார்.

பார்த்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அடியில் கொஞ்சம் மருந்து, எல்லாவற்றிலும் இருப்பது போல. பக்கத்துக் கோதோடு ஒப்பிட்டபோது தெரிந்தது. அதில் அடிமட்டத்தில் இருந்தது இதில் ஓர் அரிசி அளவு உயர்ந்திருந்தது. பிடியை இரண்டு முறை இழுத்திருக்கிறேன்.

இரண்டு மடங்கு மருந்து. துப்பாக்கி கையிலேயே பிளக்கும். கண், விரல், பக்கத்தில் நிற்பவர். கையேட்டில் இதற்கென்று ஒரு பக்கமே உண்டு, எனக்கு மனப்பாடம்.

“நான் வேணுமெண்டுதான் கதை குடுத்தனான்,” என்றார். குரலில் வெற்றியில்லை. “ஆசுப்பத்திரியில நாங்கள் தட்டு அடுக்கேக்க ஒருத்தரும் கதை குடுக்கக்கூடாது. குடுத்தால் திரும்ப முதல்ல இருந்து. நீங்கள் திறம் ஆள் அண்ணை, பிழை உங்களில இல்லை. இந்த மருந்து கொஞ்ச இடம்தான் பிடிக்குது. மிச்சக் கோது வெறுமையாக் கிடக்குது. ரெண்டு தரம் போட்டாலும் வெளியில தெரியாது. அந்த வாத்தியார்ர மருந்தைப் பாருங்கோ, பொருமலான மருந்து. ரெண்டாம் தரம் போட்டால் நிரம்பி வழியும். குருடனுக்கும் தெரியும்.”

“ஆனா தரையில ஏழெட்டுத் துணுக்கு விழுதே?”

“விழட்டும். அதை நான் துடைக்கிறன். முதல்ல பத்து விரலும் மிஞ்சவேணும், பிறகுதான் தரை.”

அந்தக் கோதை எடுத்துக் கொட்டினேன். அவர் சுண்டல் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “சாப்பிடுங்கோ. மிச்சம் வைக்காதேங்கோ, மேல இருக்கிற அக்கா கோவிப்பா.”

அடுத்த கூட்டத்தில் அவர் பேசவில்லை, நான் எழுந்தேன். என் மருந்து வேண்டாம் என்றேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்கள் துணிதானே வெள்ளையாக இருந்தது?”

“ஆமாம். ஞாயிற்றுக்கிழமை என் பலகையில் இரட்டை மருந்து போட்ட கோது ஒன்று இருந்தது. நான் பார்த்தேன், என் கண்ணுக்குத் தெரியவில்லை. இவர் கண்டுபிடித்தார்.”

நிரப்புகிற யாரும் இதை வாய்விட்டு ஒப்புக்கொள்வதில்லை. தலைவர் அவரைப் பார்த்தார். பெயர் சொல்லி, மரியாதையோடு, “நீங்கள் எதைப் போடச் சொல்கிறீர்கள்?” என்று நேராகவே கேட்டார். தலைவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வர நாலு வருடம் ஆகியிருந்தது. மொழிபெயர்க்க என்னை யாரும் தேடவில்லை.

ஆசிரியரின் மருந்து தேர்வானது. குண்டைப் பொருத்துமுன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது, நிரப்பிய பெட்டிமேல் நிரப்பியவர் கையெழுத்திடுவது, இரண்டும் சுடுகூட ஒழுங்கில் சேர்ந்தன. மருத்துவமனைத் தட்டுகளின் மேல் அப்படித்தான் கையெழுத்து இருக்குமாம். கூட்டக் குறிப்பில் என் பிழையை நானே எழுதினேன். நான் எழுதிய கையேடுகள் எத்தனையோ. திரும்பப் படித்துப் பார்க்கத் தோன்றுவது அந்த ஒரு பக்கம்தான்.

தரையின் பழைய இடுக்குகளையெல்லாம் ஈரத்துணியால் வாரக்கணக்கில் துடைத்தெடுத்து, பிறகு புதிய விரிப்பு ஒட்டினோம். தலைவர் முழங்காலிட்டுத் தாமே ஒட்டினார். அரை வருடம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அவர் எங்களை மறுபடியும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். அதே மண்சட்டி. அந்த வாரத்துக் குப்பையில் ஒரு சிட்டிகை. நெருப்புக்குச்சியைக் கிழித்துப் போட்டார்.

குச்சி எரிந்தது. குச்சி அணைந்தது. கடதாசித் தூசி கொஞ்சம் கருகிப் புகைந்தது.

நாங்கள் காத்திருந்தோம். தலைவர் மெதுவாகக் கேட்டார், “அப்படியென்றால் இனி அந்த மிஷினை ஓட்டலாமா?”

“இல்லை,” என்றார் அவர். “ஈரத்துணிதான்.”

தலைவர் சிரித்த சிரிப்பில் முற்றத்துப் புறா பறந்துபோனது.

அன்றைக்கே துப்புரவு வேலையிலிருந்து விலகும் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். உறுப்பினராக இருப்பாராம், வேலைதான் வேண்டாமாம். கடிதத்தை என் வழக்கப்படி குற்றம் தேடிப் படித்தேன். தேதி, முன்னறிவிப்புக் காலம், கையெழுத்து, எல்லாம் இருந்தன. எனக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு போலந்துப் பெண் வந்தாள். இவர் அவளோடு இரண்டு மாலை கூடவே நின்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, தும்புத்தடியை அவள் கையில் கொடுத்தார்.

பிறகு என்னிடம் வந்து அந்தத் தாளை நீட்டினார். “இந்தாங்கோ அண்ணை. உங்கட கடதாசி. எனக்கு இனித் தேவையில்லை.”

ஒட்டுப்பட்டையே பாதித் தாளாகியிருந்தது. ஒன்பது படிகளுக்கும் எதிரே பச்சை அடையாளம். இந்த முறை அவர் உள்ளங்கை எதையும் மறைக்கவில்லை. என் கையெழுத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்தில், மங்கிப்போன நீல மையில், பத்தாவதாக ஒரு படி இருந்தது. நான் தாளைக் கொடுத்த அன்றைக்கே எழுதியிருக்கிறார். பக்கத்திலேயே தேதி போட்டிருந்தார்.

“10. தும்புத்தடியை அடுத்து வாறவளின்ர கையில பயமில்லாமல் குடுக்கிறது.”

அதற்கு எதிரே இருந்த பச்சை அடையாளத்தில் மை இன்னும் காயவில்லை.

அவர் இப்போது எர்லாங்கனில், மகளோடு. தாள் என் கோப்பில் இருக்கிறது. இப்படிப்பட்ட தாள்களை எத்தனை வருடம் வைத்திருக்கலாம், எப்போது கிழித்துப் போடவேண்டும் என்பதற்குக் கழகத்தில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவனே நான்தான். காலம் எப்போதோ முடிந்துவிட்டது. வருடக் கடைசியில் கோப்புகளைக் கழிக்கும்போது அதை எடுப்பேன், பத்தாவது படியைப் படிப்பேன், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுவேன்.